கட்டாயம் வர வேண்டாம்

இயேசு மரி சூசை துணை

கொட்டாஞ்சேனை,
புதன்கிழமை

என்றும் மதிப்புக்குரிய எவ்லின் அக்கா அவர்கட்கு,

உங்கள் ஒரே தம்பி கிளெமென்ற் வணக்கத்தோடு எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நானும் றஞ்சிதமும் இங்கே சுகம். நீங்களும் அத்தானும் கல்கிசையில் சுகமாக இருக்கிறீர்கள் என்று கோயிலில் உங்களைக் கண்டவர்கள் வந்து சொல்லுகிறார்கள். அதையே நீங்கள் எனக்கு எழுதியதாக எடுத்துக்கொண்டு மேலே போகிறேன். பஸ் ஏறினால் ஒரு மணித்தியாலத்தில் வரக்கூடிய இடத்துக்குத் தபாலில் கடிதம் போடுகிறானே என்று சிரிக்காதீர்கள். என் போன் இலக்கத்தை நீங்கள் ப்ளொக் பண்ணி நாலரை வருஷம். முத்திரை ஒட்டிய கடிதத்தை ப்ளொக் பண்ண இன்னும் ஒருவரும் பொத்தான் கண்டுபிடிக்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். என் மகள் சாமினிக்கு ஆண்பிள்ளை பிறந்து ஐந்து மாதம். ஞானஸ்நானம் எப்போது என்று பாதர் மூன்று தரம் கேட்டுவிட்டார். இவள் திகதி தரமாட்டேன் என்கிறாள். "என்ரை ஞானத்தாய் என்ரை கலியாணத்துக்கே வரேல்லை. மாமி வந்து நிக்காமல் பிள்ளையின்ரை தலையிலை ஒருத்தரும் தண்ணி ஊத்த ஏலாது" என்று ஒரே பிடி. இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை, அவள் வளர்ந்தது உங்கள் மடியில்தான். கலியாணம் நடந்தது கொரோனாக் காலம். ஐம்பது பேருக்கு மேல் கூடக்கூடாது என்று இருந்தபோது பட்டியலில் முதல் பெயர் உங்களுடையது. அந்த அழைப்பைத்தான் வட்ஸ்அப்பில் அனுப்பினேன். கிளெமென்ற் என்னை வர வேண்டாம் என்று எழுதினவன் என்று நீங்கள் சொல்லுகிறீர்கள், வரச்சொல்லித்தான் எழுதினேன் என்று நான் சொல்லுகிறேன். இதை நீங்கள் கல்கிசை முழுக்கச் சொல்ல, நான் கொட்டாஞ்சேனை முழுக்கச் சொல்ல, நடுவிலே வெள்ளவத்தைக்காரர் இரண்டு பக்கமும் கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஒரு மெசேஜ் கிடைத்தால் வழக்கு முடிந்துவிடும். ஆனால் அப்போது வைத்திருந்த போன் பழுதாகி, புதியதற்கு ஒன்றையும் மாற்றாமல் விட்டதால், இப்போது இருப்பதில் பழைய கதை எதுவும் இல்லை. யார் யாரோ அனுப்பிய காலை வணக்கப் பூப்படங்கள்தான் பத்திரமாக இருக்கின்றன.

போன மாதம் பேஸ்புக்கில் ஒரு விளம்பரம் வந்தது. தொலைந்த செய்திகள் அனைத்தும் ஐந்து நிமிடத்தில் உங்கள் கையில் என்று போட்டிருந்தான். மாதாவே வழி காட்டினா என்று நினைத்து உடனே அந்த ஆப்பை இறக்கினேன். அது வரிசையாகக் கேள்வி கேட்டது. பிள்ளையின் பெயர் என்றது. நானும் ஒருவருக்குப் பிள்ளைதானே என்று கிளெமென்ற் என்று போட்டேன். பெற்றோரின் போன் இலக்கம் என்றது. அப்பாவும் அம்மாவும் மாதம்பிட்டியச் சேமக்காலையில் கல்லறைக்குள் இருப்பது உங்களுக்குத் தெரியும், அங்கே போன் இல்லை. வீட்டில் பெரியவர் யாரோ அவருடையதைக் கேட்கிறார்களாக்கும் என்று றஞ்சிதத்தின் இலக்கத்தைக் கொடுத்தேன். அனுமதி தா, அனுமதி தா என்று பத்துத் தரம் கேட்டது, பத்துத் தரமும் ஓம் ஓம் என்று அமத்தினேன். கடைசியில் ஒரு பச்சைக் குறியைக் காட்டி, நன்றி, உங்கள் பிள்ளை இனிப் பாதுகாப்பாக இருக்கிறான் என்றது. மெசேஜ் மட்டும் வரவில்லை. ஐந்து நிமிடம் ஐந்து நாளாகி, ஐந்து நாள் இரண்டு கிழமையாகி, நானும் காலையில் எழும்பி முதல் வேலையாய்த் திறந்து பார்க்கிறேன், பச்சைக் குறி அப்படியே நிற்கிறது.

அக்கா, அது பழைய மெசேஜைத் தேடுகிற ஆப்பே இல்லை. சின்னப் பிள்ளைகள் எங்கே போகிறார்கள், போனில் என்ன பார்க்கிறார்கள் என்று தாய் தகப்பனுக்குக் கோள் சொல்லுகிற ஆப். இரண்டு கிழமையாக அது என்னைப் பற்றி றஞ்சிதத்துக்குக் கோள் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. கொலஸ்ட்ரோல் என்று டொக்டர் எனக்கு எண்ணெய்ச் சாமான் எல்லாவற்றையும் நிற்பாட்டி ஒரு வருஷம். நானும் கூட்டாளி சூசைதாசனும் காலைப் பூசை முடிய, சபைக் கூட்டம் என்று சொல்லிவிட்டுப் போகிற இடம் சந்திப் பேக்கரி, எண்ணெயில் பொரித்த பற்றிஸ் தின்ன. நாள் தவறாமல் அவளுடைய போனுக்கு வந்திருக்கிறது: உங்கள் பிள்ளை கிளெமென்ற் பேக்கரியில் இருபத்திரண்டு நிமிடம் இருந்தான். உங்கள் பிள்ளை கிளெமென்ற் இன்று நான்கு மணித்தியாலம் நண்டு சமைக்கும் வீடியோ பார்த்தான், அவனோடு அன்பாகப் பேசிப் பாருங்கள். அவள் மூச்சுக் காட்டவில்லை. ஒரு நாள் மத்தியானம் சோற்றைப் போட்டுவிட்டு வலு சாதுவாய், "இண்டைக்கு ரெண்டு பற்றிஸோ, மூண்டோ?" எண்டு கேட்டாள். எனக்குப் புரைக்கேறிப் போச்சு. "எங்கை நிண்டனீங்கள் எண்டு மட்டும்தான் அது சொல்லுது, எத்தினை திண்டனீங்கள் எண்டு சொல்லேல்லை. அதுதான் கேக்கிறன்" எண்டாள். நான் எல்லாத்தையும் ஒப்புக்கொண்டன், எதுக்காக அந்த ஆப்பைப் போட்டன் எண்டதையும் சேத்து. அவள் அதைக் கேட்டதும் ஏனோ எழும்பிக் குசினிக்குள்ளை போயிட்டாள்.

இந்தக் கோள்மூட்டியைக் கழற்றுவம் என்று வெள்ளவத்தையில் போன் திருத்துகிற ஸப்வானிடம் போனேன். தாடி நரைத்த, நிதானமான மனிசன். பெற்றோரின் சம்மதம் இல்லாமல் இதைக் கழற்ற ஏலாது என்று சொன்னார். றஞ்சிதத்துக்குக் கோல் எடுத்துக் கேட்டேன், இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள். சரி, அந்தப் பழைய மெசேஜையாவது எடுக்க வழி உண்டோ என்று கேட்டேன். "அங்கிள், இந்த ஆப் எல்லாம் போட்ட நாள்ல இருந்துதான் பாக்கும். அதுக்கு முந்தி நடந்தது ஒண்டும் அதுக்குத் தெரியா. பழைய போன்ல ஈக்கணும், இல்லாட்டி மெசேஜ் வாங்கின ஆள்ட போன்ல ஈக்கணும்" என்றார். அந்த ஆள்தான் என்னை ப்ளொக் பண்ணி வைத்திருக்கிறா என்று சொன்னேன். அப்படியென்றால் அது போன் வேலை இல்லை, குடும்ப வேலை என்று சொல்லி என் போனைத் துடைத்துத் திருப்பித் தந்தார்.

அதற்கு அடுத்த கிழமை, நான் கேளாமலே, றஞ்சிதம் தையல் மெசினின் லாச்சியைத் திறந்து துணியில் சுற்றிய பழைய போனை என் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். இவ்வளவு காலமும் இதிலையோ கிடந்தது எண்டு கேட்டன். நீங்கள் கேக்கேல்லையே எண்டாள். ஓட்டமாய் வெள்ளவத்தைக்கு ஓடினேன். ஸப்வான் உள்ளே எதையோ மாற்றி, சார்ஜ் ஏற்றி, உங்கள் பெயரைத் தேடி எடுத்தார். கண்ணாடியைப் போட்டு வாசித்தேன். கழற்றித் துடைத்துப் போட்டுத் திரும்பவும் வாசித்தேன். ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ்: அன்பின் அக்கா, மகளின் திருமணத்திற்கு நீங்களும் அத்தானும் கட்டாயம் வர வேண்டாம்.

நீங்கள் சொன்னதுதான் சரி, அக்கா. நாலரை வருஷமும் நீங்கள் சொன்னதுதான் சரி. வேண்டும் என்பதில் யூ வர வேண்டிய இடத்தில் ஏ விழுந்து கிடக்கிறது. ஏ இடப்பக்க ஓரத்தில், யூ வலப்பக்கம் மேலே, இவ்வளவு தூரம் விரல் எப்படித் தாண்டியது என்று ஸப்வானும் கேட்டார், வயசு என்று சொன்னேன். வீட்டிலை கதைக்கிற மாதிரி வரவேணும் எண்டு அடிச்சிருந்தால் ஒரு கரைச்சலும் இல்லை. மூத்த சகோதரிக்கு மரியாதையாய் எழுதவேணும் எண்டு புத்தகத் தமிழுக்குப் போய்த்தான் இந்தக் கூத்து. அதிலை கட்டாயம் வேறை. வேண்டாம் எண்டு சொன்னால் ஒருவேளை வந்துவிடுவா எண்டு பயந்து கட்டாயம் போட்ட மாதிரி இருக்கு. அதை வாசிச்சுப்போட்டு நீங்கள் எப்பிடி இருந்திருப்பியள் எண்டு நினைக்க எனக்கு அந்தக் கடையிலையே கண் கலங்கிப் போச்சு. ஊர் முழுக்க உங்களைப் பொய்க்காரி ஆக்கிப்போட்டன். என்னை மன்னியுங்கோ.

ஞானஸ்நானம் வருகிற மாதம் முதல் ஞாயிறு, பத்து மணிப் பூசைக்குப் பிறகு. நீங்கள் ஓம் என்றால்தான் சாமினி பாதரிடம் போவாள். நீங்களும் அத்தானும் கட்டாயம் வர வேண்டும். பேனையால் எழுதியிருக்கிறேன், இரண்டு தரம் வாசித்தும் பார்த்துவிட்டேன். மாதா உங்கள் முழங்கால் நோவை ஆற்றி, கோபத்தையும் அதோடு சேர்த்து ஆற்றுவாவாக. றொபேட் அத்தானுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
விரலால் பாவம் செய்த தம்பி,
கிளெமென்ற்

பி.கு.: மச்சாள், இது றஞ்சிதம். தபாலிலை போடச்சொல்லிக் கவரை ஒட்டாமல் என்னட்டைத் தந்துபோட்டு அவர் குளிக்கப் போயிட்டார். அவரின்ரை விரல் ஒரு பாவமும் செய்யேல்லை. அவர் சரியாத்தான் அடிச்சவர். அனுப்ப முதல் பிழை இருக்கோ எண்டு பாக்க என்னட்டைத் தந்தவர், நான்தான் ஒரு எழுத்தை மாத்தினனான். நிச்சயதார்த்தத்தண்டு சம்பந்தி ஆக்களுக்கு முன்னாலை என்ரை லவ் கேக்கிலை ஒரு துண்டைக் கடிச்சுப்போட்டு, இது எந்தக் கடையிலை வாங்கினது றஞ்சிதம், இனி அங்கை வாங்காதை எண்டு சொன்னனீங்கள். மூண்டு நாள் மினக்கெட்டு நான் போட்ட கேக், மச்சாள். ஒரு கிழமையிலை கோவம் ஆறினதும் சொல்லுவம் எண்டு இருந்தனான். ஆறேல்லை. ஆறின பிறகு சொல்லப் பயமாப் போச்சு. அவர் ஸப்வானட்டைப் போய் வந்த அடுத்த செவ்வாய் அந்த ஆப் எனக்கு ஒண்டு அனுப்பினது. உங்கள் பிள்ளை கிளெமென்ற் கல்கிசையில் ஒரே இடத்தில் நாற்பது நிமிடம் நின்றான் எண்டு இருந்தது. வரைபடத்தைப் பாத்தால் உங்கடை கேற்றடி. மணி அடிக்காமல் திரும்பி வந்து, என்னட்டைச் சபைக் கூட்டம் எண்டு சொன்னவர். அதுக்குப் பிறகு எனக்குத் தாங்கேல்லை, போனை எடுத்துக் குடுத்தனான். என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ. அவருக்கு இதைச் சொல்ல வேண்டாம். இந்த வேண்டாம் எழுத்துப்பிழை இல்லை. ஞானஸ்நானத்துக்கு நான் கேக் போடமாட்டன், நீங்கள் போட்டுக்கொண்டு வாங்கோ. சம்பந்தி ஆக்களுக்கு முன்னாலை ஒரு துண்டு சாப்பிட்டுப்போட்டு நல்லாயிருக்கு எண்டு நான் சொல்லுறன், எப்பிடி இருந்தாலும்.