வேணுகோபாலன் பாதகவசம் தேர்ந்த படலம்

வாழ்க வேணுகோபாலன்! பிள்ளையார்பாளையத்துப் பட்டுத்தறிகளின் பெருந்தலைவன், வடிவாம்பாள் மணாளன், மேடென்று சொல்ல ஒரு மேடும் இல்லாத காஞ்சி மாநகரில், இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டில், இருபத்தொரு கியர் பூண்ட மலைச் சைக்கிளை இறக்கிய மாவீரன் வாழ்க! அந்த இரும்புப்புரவி அதுவரை ஏறிய மலை, வீட்டு வாசலில் அதை ஏற்றிவைக்கப் போட்ட சிமெண்டுச் சரிவு ஒன்றுதான்.

இத்தகைய வீரன், உறவினர் வீட்டு வளைகாப்புப் பந்தியில், வரும் சித்ரா பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை வரை சைக்கிளிலேயே செல்வேன், இறங்கிய கையோடு மலையையும் சுற்றி வருவேன் என்று சூளுரைத்தான். சாம்பார் வாளிகள் அசைவற்று நின்றன. எதிர் இலையில் அமர்ந்திருந்த மைத்துனன் தினகரன் மட்டும் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, "மாமா பஸ்லதான் போவாரு, பாருங்க" என்றான். பந்தி முழுவதும் சிரித்தது. அந்தச் சிரிப்பைப் பொய்யாக்காவிட்டால் இனி எந்தப் பந்தியிலும் நிம்மதியாகச் சாப்பிட முடியாது என்பது வீரனுக்குப் புரிந்துவிட்டது.

மிதிக்கவும் வேண்டும், நடக்கவும் வேண்டும், இரண்டுக்கும் ஒரே ஜோடி வேண்டும் என்று முழங்கியபடி, காந்தி ரோட்டுக் காலணிக்கடை என்னும் போர்க்களம் புகுந்தான். கடைக்காரர் கலியாணசுந்தரம் முதலில் ஏவியது, அடியில் இரும்புக் கொக்கி பதித்த பந்தயக் காலணி. பெடலைக் கவ்வப் பிறந்த கொக்கி தரையைக் கவ்வ மறுத்தது; லாடம் அடித்த காளைபோல் டக்டக்கென்று இரண்டடி வைத்த வீரன், மூன்றாம் அடியில் வழுக்கிக் கல்லாப்பெட்டியைக் கட்டித் தழுவினான். அடுத்து வந்தது கான்வாஸ். நடக்கையில் பூப்போல் இருந்த அது, கடைவாசலில் நின்ற சைக்கிளின் பெடலில் வைத்ததும் நடுவே மடிந்து உள்ளங்காலைப் பதம் பார்த்தது.

அஞ்சினானா அண்ணல்? சென்னையிலிருந்து பெட்டி பெட்டியாக வரவழைத்தான். வந்த ஒவ்வொன்றையும் பட்டுச்சேலை பார்க்கும் முறையிலேயே பார்த்தான். உள்பக்கம் புரட்டினான், நகத்தால் சுரண்டினான், குழல்விளக்கை நம்பாமல் தெருவெயிலுக்குத் தூக்கிச் சென்று சாயம் பார்த்தான், முக்காலியில் அமர்ந்து தறிமிதியை மிதிப்பதுபோல் காற்றை மிதித்தான். அரைநாள் வியாபாரம் கெட்ட கலியாணசுந்தரம் கடைசியில் வாய்திறந்தார்.

"அண்ணே, இது பொடவ இல்ல. கால்ல போட்டுக்கினு நடந்து பாருங்க."

நடந்தான். ஆகா! நடுவில் பலகையென விறைத்து, விரலருகே வாழைமட்டையென வளைந்து, அடிப்புறம் முழுதும் பல்பல்லாகப் பிடிக்கும் ரப்பர் பூண்டு, மிதிப்பவனுக்கும் நடப்பவனுக்கும் பொதுவாய் நின்றது ஒரு சாம்பல்நிற ஜோடி. தினகரன் முகம் கறுக்கும் காட்சி வீரனின் கண்முன் விரிந்தது. காமாட்சியம்மன் சந்நிதித் தெரு வழியாக, தேவையே இல்லாமல் சுற்றிக்கொண்டு, பார்ப்பவரெல்லாம் பார்க்கட்டும் என்று பெட்டியை மார்போடு அணைத்து வீடு சேர்ந்தான். உண்மையைச் சொன்னால், கல்யாணத்தன்றுகூட அவனுக்கு இவ்வளவு பூரிப்பு இல்லை.

கூடத்தின் நடுவே பெட்டியைத் திறந்து, கொக்கி வீழ்ந்த கதை, கான்வாஸ் மடிந்த கதை, வெயிலில் சாயம் வென்ற கதை அனைத்தையும் அவன் விரித்துரைக்க, முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த வடிவாம்பாள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு காம்பை ஒதுக்கிவிட்டுத் தலை நிமிர்ந்தாள்.

"நல்லாத்தான் இருக்குது. ஆனா மலைய வெறுங்காலோடதானே சுத்துவாங்க? இத எங்க வுட்டுட்டுப் போவீங்க?"

திசைகள் எட்டும் இருண்டன. சித்ரா பௌர்ணமிக் கூட்டம் கோபுர வாசலில் கழற்றிப்போடும் செருப்புக்கடல் வீரனின் மனத்தில் பொங்கி எழுந்தது; அக்கடலில் தன் சாம்பல்நிறச் செல்வங்கள் மூழ்குவதையும், முன்பின் அறியாத ஒருவன் அவற்றை மாட்டிக்கொண்டு போளூர் பக்கமாக நடந்து போவதையும் அவன் கண்டான். கண்டு கலங்கினான். கலங்கி, அவற்றை மெல்லிய காகிதத்தில் சுற்றி, கல்யாணப்பட்டு இருக்கும் பீரோவில் வைத்துப் பூட்டினான்.

பௌர்ணமியன்று வேணுகோபால் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போனார்.