என் குளியலறையில் தங்கியிருக்கும் உறவுக்காரி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நானும் நலமே. கேட்பவர்களிடம் அப்படித்தான் சொல்கிறேன்; கேட்பவர்கள் குறைவு என்பதால் சிரமமில்லை.

சென்ற இதழில், தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று, தன் கண்ணைத் தானே பார்த்து, 'உன்னை எனக்குப் பிடித்திருக்கிறது, நீ இருக்கிறபடியே போதும்' என்று சொல்லிக்கொண்டால் மனம் தன்னைத் தானே ஏற்றுக்கொள்ளும் என்று எழுதியிருந்தீர்கள். (கட்டுரையின் எழுத்துப் பிழைகளைத் தனித்தாளில் இணைத்திருக்கிறேன்.) கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். வெளியூரில் இருக்கும் மகன் போனில் "மாத்திரை போட்டாச்சாம்மா?" என்று கேட்டு, பதில் வருமுன் "சரிம்மா" என்று வைத்துவிடுகிறான். சரி, செய்துதான் பார்ப்போமே என்று தொடங்கினேன். நான் படித்த கான்வென்ட்டில் கண்ணாடி வகிடு பார்ப்பதற்கு மட்டுமே. கூடுதலாக நின்றால் மதர் பின்னாலிருந்து, "போதும், மூக்கு நேற்று இருந்த இடத்தில்தான் இருக்கிறது" என்பார். ஆகவே கூச்சமாகத்தான் இருந்தது. 'நீ அழகானவள்' என்ற வரியை மனசாட்சி இடம் கொடுக்காததால் விட்டுவிட்டு, 'நீ சுத்தமாக இருக்கிறாய்' என்று மாற்றிக்கொண்டேன். சொல்கிறவள் நான்தான், ஆனாலும் கேட்கிறவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கைக்குட்டையை நீட்டினேன். அவளும் நீட்டினாள்.

எவ்வளவு சத்தமாகப் பேச வேண்டும் என்று தாங்கள் எழுதவில்லை. எங்களுக்கு ஒப்பித்தல் என்றால் கை பின்னால், தாடை மேலே, கடைசி பெஞ்சுக்குக் கேட்க வேண்டும். நானும் அப்படியே ஒப்பித்தேன். குளியலறை ஜன்னலுக்கு வெளியே குழாய்கள் இறங்கும் சந்து எல்லா மாடிக்கும் பொது என்பதை மறந்துபோனேன். குடியிருப்புச் சங்கச் செயலாளர் வந்து நின்றார். "மேடம், வீட்டுக்கு யாரோ வந்திருக்காங்க போல. காலைல பேச்சு எல்லா மாடிக்கும் கேக்குது. எவ்ளோ பாசமா பேசறாங்க!" குப்பைக்கூடையை எப்போது வெளியே வைப்பது என்று இந்தக் கட்டடத்துக்கே பாடம் எடுத்தவள் நான். என்னிடம் நானே கொஞ்சிக்கொண்டேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? "ஆமாம்" என்றேன். "சொந்தமா?" "ரொம்ப நெருங்கிய சொந்தம்." "எத்தனை நாள் இருப்பாங்க?" "அது நம்ம கையில இல்லீங்க." இதில் எது பொய் என்று தாங்களே சொல்லுங்கள்.

அதன் பிறகுதான் வினை. எனக்காக யாருமே அடிக்காத அழைப்பு மணி அவளுக்காக ஓயாமல் அடித்தது. எதிர்வீட்டுப் பல் டாக்டரின் மனைவி, இத்தனை காலம் லிஃப்டில் என்னைப் பார்த்தால் போனைப் பார்ப்பவள், "ஒரு ஹலோ சொல்லிட்டுப் போறேனே" என்று உள்ளே எட்டிப் பார்த்தாள். குளியலறையில் இருக்கிறாள் என்றேன். மறுநாளும் அதையே சொன்னேன். "பாவம், வயிறு சரியில்லையா?" என்று மருந்து கொடுத்தனுப்பினாள். கீழ்வீட்டு மருமகள், தையல் கடையில் வேலை பார்க்கிற பெண், வாசலிலேயே நின்றுகொண்டு, "ஆன்ட்டி, எங்க வீட்ல விடிஞ்சா திட்டுதான். அவங்க உங்ககிட்ட பேசறதக் கேட்டுட்டுத்தான் நான் வேலைக்கே கிளம்பறேன். எனக்கும் ஒரு வார்த்தை சொல்லச் சொல்றீங்களா?" என்றாள். எப்படி மறுப்பது? மறுநாள் ஜன்னல் பக்கம் திரும்பி, "கீழ்வீட்டுப் பெண்ணே, நீயும் இருக்கிறபடியே போதும்" என்று ஒப்பித்தேன். கீழே குழாய் நின்றது. பிறகு அவள் மாமியாரின் குரல்: "யாரு, என்னையா சொல்றாங்க?"

இதற்குமேல் தாங்காது. அவள் இன்று ஊருக்குப் போகிறாள் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். அவள் போனால் மணி அடிக்காது என்பதும் தெரிந்துதான் சொன்னேன். தனியாக இருப்பது எனக்குப் பழக்கம். ஏமாற்றிக்கொண்டு இருப்பதுதான் புதிது, அது ஒத்துவரவில்லை. இனி இத்தகைய பயிற்சிகளை வெளியிடும்போது 'ஜன்னலைச் சாத்திக்கொள்ளவும்' என்று தடித்த எழுத்தில் போடவும். என் சந்தாவை இந்த மாதத்தோடு நிறுத்திவிடவும்.

தங்கள் இதழ் பிழை குறைந்து வளர வாழ்த்தும்,
மூன்றாம் மாடி இடப்பக்க வீட்டுச் சந்தாதாரர்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது கீழ்வீட்டுப் பெண் வந்தாள். கடைக்கு லீவு சொல்லிவிட்டு, ஊருக்குப் போகிறவளின் பெட்டியைத் தூக்கிக் கீழே வைக்க வந்தாளாம். "பெட்டி எங்க ஆன்ட்டி?" என்றாள். பெட்டி இல்லை என்றேன். "தெரியும் ஆன்ட்டி. உங்க குரல் எனக்குத் தெரியாதா? மாடிப்படியில எத்தனை தடவை என்னைத் திட்டியிருக்கீங்க!" என்று சொல்லிவிட்டு, நான் உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்தாள். லீவு வீணாகக் கூடாதாம், மதியம் வரை இருந்தாள். போகும்போது, "நாளைக்கும் அதே டைம்தானே? என் மாமியார் கேக்கச் சொன்னாங்க" என்றாள்.

ஆகவே சந்தாவை நிறுத்தச் சொன்ன வரியைத் தாங்களே அடித்துவிடவும். அடித்தல் திருத்தலோடு கடிதம் அனுப்பும் பழக்கம் எனக்கில்லை.