திருநீறு பூசிய விளக்குமாறு

புதுவயல்
பிரபவ வருஷம் தை மாதம் 12

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு மருமகன் அழகுசுந்தரம் அநேக நமஸ்காரத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் அம்மாவும், பொங்கலுக்கு வந்து தங்கியிருக்கும் அத்தையும், தங்கள் மகள் நாகவல்லியும், மாடு கன்றுகளும் சுகம். விளக்குமாறு மட்டும் நான்கு நாளாக வேலையில்லாமல் இருக்கிறது. திருப்பத்தூரில் தங்கள் முழங்கால் வலி எப்படி என்று எழுதவும்.

விஷயம் சிறியது. ஒரு கையெழுத்து. அப்பா பர்மாவில் இருப்பதால் என் பாஸ்போர்ட் மனுவில் பொறுப்பாளராகத் தாங்கள்தான் கையெழுத்திட வேண்டும். ஜெர்மனியில் சாயத் தொழில் படிக்க இடம் உண்டு என்று எழுதிவிட்டார்கள். மாசி ஐந்தாம் தேதி சென்னையில் ஒரு ஜெர்மன் துரை என்னிடம் பேசிப் பார்ப்பார். பாஷை வருகிறது என்று அவர் சொன்னால் போதும். தாங்களோ, நாகவல்லி கழுத்தில் தாலி ஏறிய பிறகுதான் பேனாவைத் தொடுவேன் என்று சொல்லியனுப்பியிருக்கிறீர்கள். இப்போது கல்யாணம் முடியாது. ஏன் முடியாது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அந்தப் பாஷையில் நாற்காலி ஆண். கதவு பெண். ஜன்னல் இரண்டும் இல்லை. காரணம் கேட்கக் கூடாது. ஒவ்வொரு பெயருக்கு முன்னாலும் டேர், டீ, டாஸ் என்ற மூன்றில் ஒன்று காவலாள் போல நிற்கும். ஆள் மாறினால் துரை சிரிப்பார். நான்கு வருஷம் தத்துவம் படித்தவன் நான். காரணம் இல்லாத ஒன்று எனக்கு மனப்பாடமாவதில்லை. எனவே ஒரு வழி கண்டுபிடித்தேன். ஆண் சாமான்களுக்குத் திருநீறு. பெண் சாமான்களுக்குக் குங்குமம். இரண்டும் இல்லாததற்குச் சந்தனம். ஒரே காலையில் வீட்டில் நாற்பது சாமான்களுக்குப் பூசிவிட்டு, ஒவ்வொன்றின் முன்னும் நின்று மூன்று தடவை சொன்னேன். அறிவுள்ள ஏற்பாடு என்றே இன்னமும் நினைக்கிறேன்.

முதலில் கருப்பி வந்தாள். வாசல் கூட்ட வேண்டியவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"திருநீறு பூசுன வெளக்கமாத்த வச்சுக் குப்பையக் கூட்டச் சொல்றீகளா சின்னய்யா? கை அழுகிப் போகும்."

"அது பூசையில்லை கருப்பி, படிப்பு."

"படிப்புக்குப் பூசை பொரட்டாசியிலல்ல வரும்?"

அடுத்து சோணைமுத்து. மேலக்காட்டில் கதிர் முற்றித் தலைசாய்ந்து நிற்கிறது; எட்டு ஆள் காத்திருக்கிறார்கள்; அரிவாள் எடுக்க வந்தவன் எட்டு அரிவாளிலும் குங்குமத்தைப் பார்த்துவிட்டுத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டான், நான் வேண்டாம் என்கிறேன், அவன் மறுபடி கும்பிடுகிறான், பூசை போட்ட அருவாளை மறுபூசை பண்ணாம எடுத்தா அது கதிரையா அறுக்கும், கையைத்தான் அறுக்கும் என்கிறான், நான் மந்திரம் சொன்னதைக் கருப்பி காதால் கேட்டாளாம், அது வடக்கத்தி மந்திரமாம், ரொம்ப உக்கிரமானதாம். அன்று அறுப்பு இல்லை. பானையைத் தொடமாட்டார்கள், கரண்டியைத் தொடமாட்டார்கள். அம்மிக்கும் அரிவாள்மணைக்கும் என் அகராதியில் பெயர் இல்லாததால் அவை இரண்டும் நெற்றி வெறுமையாக இருந்து பிழைத்தன. மூன்று வேளையும் துவையல். அரிசி வெந்தது பக்கத்து வீட்டில்.

மறுநாள் அரியக்குடிப் பெருமாளைப் பார்த்துவிட்டு வருவோம் என்று போனேன். மனம் கலங்கினால் மட்டும் எனக்கு நம்பிக்கை வருகிறது. திரும்பி வந்தால் என் ஆண்கள் ஒருவரையும் காணோம். நாற்காலி, கூடை, சாவி, சோற்றுப்பானை எல்லாவற்றிலும் திருநீற்றை மறைத்து வட்டமாகக் குங்குமம்.

"யார் வைத்தது?"

"நாந்தான் வச்சேன்" என்றாள் அம்மா. "ஒங்கப்பா கடல் தாண்டி இருக்காக. சோத்துப்பானை வெறும் திருநீத்தோட குத்தவச்சிருந்தா என் வயிறு பதறாதாடா? எனக்குக் குங்குமம் நெலைக்கணுமா வேண்டாமா?"

அம்மா அழுதிருந்தாள். நாற்பது சாமானில் எது ஆண், எது பெண் என்று எனக்கும் தெரியவில்லை. அகராதியைத் தேடினால் அதற்கும் பொட்டு வைத்து, பூச்சுற்றி, அலமாரிக்குள் பூட்டி, சாவியைத் தொடக் கூடாது என்றாள்.

கதவோரம் நின்ற நாகவல்லி அப்போது சொன்னாள்: "நாக்காலி டேர். கூடை டேர். சாவி டேர். வெளக்கு டீ. இதுக்கு எதுக்கு அத்தான் பொஸ்தகம்?" நாற்பதும் சொன்னாள். பார்த்துக்கொண்டிருந்தாளாம். பிறகு கேட்டாள்: "பொம்பளப் பிள்ளைக்கு என்ன பூசுவீக?"

"கல்யாணம் ஆகாத பெண் அந்தப் பாஷையில் டாஸ். சந்தனம்."

"ஆகிட்டா?"

"குங்குமம்."

"கல்யாணம் ஆகாத பயலுக்கு?"

"அவனுக்குத் திருநீறுதான்."

"அவனுக்கு மட்டும் பொறந்ததுலருந்தேவா?" என்று சிரித்துவிட்டு உள்ளே போனாள்.

மாமா, இந்த மாதிரிக் கேள்விகளுக்கு நடுவில் ஒருவன் எப்படிப் படிப்பான்? அவள் கெட்டிக்காரி, நான் மறுக்கவில்லை. ஆனால் அவள் எதிரில் வந்தால் தெரிந்த பத்தும் மறந்துபோகிறது. எனக்குத் தனிமை வேண்டும். நான்கு வருஷம் போகட்டும்; திரும்பி வந்து பேசிக்கொள்ளலாம். தயவுசெய்து கையெழுத்திட்டு, இதைக் கொண்டுவரும் வயிரவனிடமே கொடுத்தனுப்பவும். கல்யாணப் பேச்சு இப்போது வேண்டாம் என்பது என் முடிவான தீர்மானம்.

அம்மாவும் அத்தையும் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்கள். தங்கள் ஆசீர்வாதம் எனக்கும், மிச்சம் இருந்தால் விளக்குமாற்றுக்கும் வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்த மருமகன்
அழகுசுந்தரம்

பின்குறிப்பு: வயிரவன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருக்கையில் நாகவல்லி வந்து துரை மாதிரி நாற்காலியில் உட்கார்ந்தாள். நாற்பது கேட்டாள். எனக்குப் பதினொன்று வந்தது. துரையைப் போல அவள் சிரிக்கவில்லை. அதுதான் என்னைக் கவிழ்த்தது. சோணைமுத்துவை வைத்து மறுபூசை போட்டு, அரிவாள்களை வயலுக்கு அனுப்பியதும் அவள்தானாம். மேலே எழுதியதைத் தயவுசெய்து படிக்க வேண்டாம். தை இருபத்தெட்டில் முகூர்த்தம் இருப்பதாக அத்தை சொல்கிறார்கள். மனுவில் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது. இதை அவளிடமும் சொன்னேன். சந்தனம் பூசிய ஜன்னலைப் பார்த்தாள்.

"அவசரப்படாதீக அத்தான். நான் இன்னுங் கொஞ்ச நாள் சந்தனமாவே இருந்து பாக்குறேன்."

மாமா, கையெழுத்து அப்புறம் ஆகட்டும். தாங்கள் உடனே புறப்பட்டு வந்து அவளிடம் எனக்காக ஒரு வார்த்தை பேசவும்.