இருபத்தெட்டுக்குப் பக்கத்தில் ஒன்று

இந்த வருஷமும் அந்த ஒற்றைத் துலிப் வந்துவிட்டது. மனைவி ஜிபாரின் மேசைமேல் தேநீர்த் தம்ளரில் நிமிர்ந்து நின்றது. பக்கத்தில், காலையில் எசென்குல் வைத்துவிட்டுப் போன பெரிய பூங்கொத்து. எசென்குலுக்கு வயிறு எரிந்தது.

ஓஷ் நகரத்தில் கணக்கு வாத்தியார் அவர். மகளிர் தினத்துக்கு முந்தின நாள், மனைவி வேலை பார்க்கும் நூலகத்துக்கு இருபத்தெட்டு துலிப் கொண்டுபோய் வைப்பது மூன்று வருஷப் பழக்கம். இருபத்தெட்டை மீதியில்லாமல் வகுக்கும் சின்ன எண்கள் ஒன்று, இரண்டு, நான்கு, ஏழு, பதினான்கு. கூட்டினால் அதே இருபத்தெட்டு. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதனால் அதற்கு நிறைவெண் என்று பெயர். மனைவிக்கு இதைவிட என்ன மரியாதை செய்ய முடியும்? "இன்னும் ஒண்ணு சும்மாவே தரேன், வாங்கிக்கோங்க" என்று பூக்காரி கெஞ்சியும் அவர் மசியவில்லை. இருபத்தொன்பது வெறும் பகா எண், யாரோடும் ஒட்டாத ஜன்மம்.

ஜிபார் பத்திரப்படுத்தியதோ அந்த ஒற்றைப் பூவை. முதல் இரண்டு வருஷத்துப் பூக்களும் அவளுடைய சமையல் புத்தகத்துக்குள் காய்ந்து கிடந்ததைப் போன வாரம்தான் பார்த்தார்.

"இத யாரு குடுத்தா?" என்று கேட்டார்.

"குடுத்தவருக்குத் தெரியாதா?" என்று அவள் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை நினைத்து நினைத்து ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை.

இப்போது மேசையில் ஆளில்லை. ஒற்றைப் பூவை எடுத்துத் தம் கொத்தின் நடுவே செருகினார். கூட்டத்தோடு கூட்டமாகத் தொலையட்டும். பிறகு செய்தித்தாளை விரித்து அதன் பின்னால் பதுங்கினார். தரை துடைக்கும் கனிபா வந்தாள், போனாள். இயக்குநர் சத்தார் வந்தார், மேசையருகே நின்று மீசையைத் தடவிவிட்டுப் போனார். எசென்குல் எழுந்து போய்ப் பார்த்தால், தம்ளரில் மறுபடியும் ஒரு துலிப்.

ஆள் கையும் களவுமாகச் சிக்கிவிட்டான். கொத்தைத் தூக்கிக்கொண்டு இயக்குநர் அறைக்குள் நுழைந்தார்.

"உமக்குன்னு வீட்ல ஒருத்தி இருக்காளே, போதாதா?"

பூவை மூக்கருகே நீட்டியதும் சத்தார் தும்மத் தொடங்கினார். பூ வாசமே எனக்கு ஆகாது, பெண்களுக்கெல்லாம் சோப்புதான் கொடுத்தேன் என்பதைச் சொல்லி முடிப்பதற்குள் பதினோரு தும்மல். அதுவும் பகா எண் என்று எசென்குலின் மூளை கேட்காமலே குறித்துக்கொண்டது.

நூலகமே வாசலில் கூடிவிட்டது. ஜிபார் முன்னால் வந்தாள்.

"கொத்து உங்க கணக்குக்கு, அந்த ஒத்தப் பூதான் எனக்குன்னு நெனச்சு வெச்சிருந்தேன். அப்போ அது நீங்க குடுத்தது இல்லையா?"

"இல்ல."

அவள் மேலங்கியை மாட்டினாள். இப்படி நாலு பேர் முன்னால் சந்தேகப்பட்டவரோடு பண்டிகை கொண்டாட முடியாது, உஸ்கென் ஊரில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போகிறேன் என்றாள். எசென்குலுக்குப் பொறாமை போன இடம் தெரியவில்லை, பயம்தான் மிச்சம்.

"நான் வெச்சது இருபத்தெட்டு. வேணும்னா எண்ணிப் பாரு" என்று கொத்தை நீட்டினார்.

துடைப்பக் கட்டையை ஊன்றிக்கொண்டு கனிபா குறுக்கே வந்தாள்.

"எண்ணினா இருபத்தேழுதான் வரும், வாத்தியாரே. நம்ம ஊர்ல செத்தவங்களுக்குத்தானே ரெட்டைப்படையில பூ வைப்பாங்க. அதான் வருஷா வருஷம் உங்க கொத்துலேர்ந்து ஒண்ண உருவித் தம்ளர்ல வெக்கிறேன், இந்த வருஷம் ரெண்டு தடவ உருவ வெச்சுட்டீங்க."