சிவப்பு விளக்கும் ட்ரிப்பு அண்ணாத்தயும்

உலகத்தில் ஓடுகிற எதையுமே ஓட விடாத மனிதர் ஒருவர் உண்டென்றால், அவர் அணுபுரம் குவார்ட்டர்ஸில் எங்கள் மேல்வீட்டில் குடியிருந்த ட்ரிப்பு அண்ணாத்ததான்.

அணுமின் நிலையத்தில் கண்ட்ரோல் ரூம் வேலை. துளி சந்தேகம் வந்தாலும் இயந்திரத்தை நிறுத்திவிட வேண்டும். அதற்குப் பெயர் ‘ட்ரிப்’. அந்தச் சட்டத்தை மனுஷன் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். “டவுட்டு கீதுன்னா நிறுத்து. அப்பால யோசி” என்பார். அந்த வீட்டுக் குக்கர் இரண்டாவது விசில் அடித்ததே கிடையாது. ஒருமுறை ஸ்டாஃப் பஸ்ஸில் “இன்னாவோ லீக்கு!” என்று கத்தி, பெரிய ஆபீசர்கள் உட்பட அத்தனை பேரையும் வெயிலில் இறக்கிவிட்டார். கடைசியில் பார்த்தால், யாரோ பையில் வைத்திருந்த கருவாட்டு வாசனை.

இப்பேர்ப்பட்டவர் வீட்டுக் கம்ப்யூட்டரில், இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்களில், கார்டு ரீடர் என்று ஒரு குட்டிப் பெட்டி வந்து ஒட்டிக்கொண்டது. பேங்க்கில் கார்டோடு கொடுத்தது. கார்டைச் செருகி, ரகசிய எண்ணைத் தட்டினால் வீட்டிலிருந்தே சாமான் வாங்கலாம். வேலை நடக்கும்போது சிவப்பு விளக்கு, முடிந்தால் பச்சை.

வாங்க வேண்டியது ஒரு கத்தரிக்கோல். அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா இடக்கைக்காரர். குவார்ட்டர்ஸ் முழுக்க ஜாக்கெட் தைத்துத் தைத்து, வலக்கைக்காரர்களின் கத்தரிக்கோல் அவர் கட்டைவிரலைப் புண்ணாக்கிவிட்டது. செங்கல்பட்டுக் கடைகளில் இடக்கைக்கு என்று கேட்டால் சிரித்தார்கள். தையலையே விட்டுவிடும் யோசனையில் இருந்தார் அக்கா.

எண்ணைத் தட்டினார் அண்ணாத்த. சிவப்பு எரிந்தது. அவ்வளவுதான், பாய்ந்து போய் மெயினை இறக்கிவிட்டார். வீடே இருட்டு.

“யோவ்! அது எரியத்தான்யா செய்யும்!”

“செவப்புடி! செவப்பப் பாத்துகினு சும்மா குந்தினு இருப்பாங்களா?”

மறுநாள் மறுபடி எண்ணைத் தட்டியபோது, வீட்டு மெயினை அக்கா மறித்து நின்றார். அண்ணாத்த கீழே ஓடி, பிளாக்குக்கே மெயினை இறக்கினார். கிரிக்கெட்டின் கடைசி ஓவர். எல்லா வீட்டிலிருந்தும் வந்த வசவை இங்கே அச்சிட முடியாது.

இன்னொரு தடவை பாதியில் அறுந்தால் கார்டு முடங்கிவிடும் என்று பேங்க்கில் சொல்லிவிட்டார்கள். வேறு ஆளைத் தட்டச் சொல்லலாம் என்றால், ரகசிய எண்ணைப் பெண்டாட்டிக்குக்கூடச் சொல்ல மாட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டார். எண்ணைத் தட்டி முடித்தார். பிறகு செய்த காரியத்தில் நான் அரண்டுபோனேன். இரண்டு கைகளையும் என்னிடம் நீட்டினார்.

“கெட்டியா புடிச்சிக்கோ நைனா. நான் கெஞ்சினாலும் உட்றாத.”

சிவப்பு எரிந்தது. அண்ணாத்தயின் உடம்பு மொத்தமும் கதவுப் பக்கம் இழுத்தது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். நெற்றியில் வியர்வை வழிந்தது. “எரியுதாடி?” “எரியுது, நில்லுய்யா.” “இன்னுமா?” “இன்னும்தான்.” ஸ்டெல்லா அக்கா வாயில் முந்தானையைக் கடித்துக்கொண்டு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பச்சை வந்தது.

“ஆச்சுய்யா” என்றார் அக்கா.

நான் பிடியை விட்டேன். அண்ணாத்த என் கைகளை விடவில்லை. எனக்கும் இழுத்துக்கொள்ள மனம் வரவில்லை.