கண்டம் விழுங்கிய மீன்கள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தத் தெருவில் நடக்க வேண்டுமானால் நண்டு மாதிரி பக்கவாட்டில்தான் நடக்க வேண்டும். மச்சஞானி மீன்களோடு பேசும் நாள் அது. வரிசை அவருடைய கடை வாசலில் தொடங்கும். பேக்கரியைச் சுற்றி, தபால் நிலையத்தைத் தாண்டி, அவர் கடையின் பின்சுவரிலேயே வந்து முடியும். கடைசி ஆள் ஜன்னல் வழியாகக் கையை நீட்டினால் ஞானியின் முதுகையே சொறிந்துவிடலாம். ஆனாலும் முறைப்படி சுற்றித்தான் வருவார். முட்டாள்தனம் என்றாலும் அதிலும் ஓர் ஒழுங்கு வேண்டாமா?

ஞானியின் கழுத்தில் ஒரு ஸ்டெதாஸ்கோப் தொங்கும். அதை வந்தவரின் நெஞ்சில் வைக்கமாட்டார். மீன்தொட்டியின் கண்ணாடியில் வைப்பார். கண்ணை மூடிக்கொண்டு, "ம்... ம்... அப்படியா?" என்பார். மீன் வாயைத் திறந்து திறந்து மூடும். அது மூச்சு விடுகிறது என்று நானும் நீங்களும் நினைப்போம். அங்கே அப்படி யாரும் நினைத்துவிட முடியாது, சுற்றி நிற்பவர்கள் முறைப்பார்கள்.

தத்துவம் மிக எளிமையானது. உங்களுக்கு வரவேண்டிய கண்டத்தை மீன் வாங்கிக்கொள்ளும். வாங்கிக்கொண்டு செத்துவிடும். நீங்கள் பிழைத்துக்கொள்வீர்கள். சின்னக் கண்டத்துக்குச் சின்ன மீன், பெரிய கண்டத்துக்குப் பெரிய மீன். மீன் செத்தால் பலித்துவிட்டது. சாகாவிட்டால்? சாகாத மீனை இதுவரை ஒருவரும் கொண்டுவந்து காட்டியதில்லை. அதுதான் ஞானியின் மகிமை.

விதிகளும் உண்டு. தொட்டியில் செடி வைக்கக் கூடாது. செடி அதிர்ஷ்டத்தை உறிஞ்சிவிடும். வாரம் தவறாமல் கூழாங்கல் முதல் வடிகட்டியின் பஞ்சு வரைக்கும் கொதிக்கிற வெந்நீரில் அலசிப் பளபளவென்று தேய்க்க வேண்டும். குழாயில் பிடித்த தண்ணீரை அப்படியே ஊற்றி, உடனே மீனை விட வேண்டும். பழைய தண்ணீரில் பழைய பாவம் இருக்குமாம்.

சாட்சிகளுக்கும் பஞ்சமில்லை. பேக்கரிக்காரரின் கடன், குடும்பச் சண்டை, சிறுநீரகக் கல் மூன்றையும் ஒரே ஒரு தங்கமீன் விழுங்கியது. கல்லோடு செத்ததால் அது மிதக்காமல் தரையில் கிடந்தது என்று நேரில் பார்த்தவர்கள் சொன்னார்கள். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாருக்கு வாழ்நாளில் மாரடைப்பே வந்ததில்லை. எத்தனை தடவை வராமல் போயிற்று என்பதைச் செத்த மீன்களை எண்ணித் துல்லியமாகச் சொல்லுவார்.

இந்த வரிசையில் பூட்டுக்காரரும் நின்றார் என்பதுதான் வேடிக்கை. உலகத்தில் எந்தப் பூட்டையும் நம்பாதவர் அவர். தன் வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டு நாலு முறை இழுத்துப் பார்ப்பார். பாதித் தெரு போய்த் திரும்பி வந்து இன்னொரு முறை இழுப்பார். அப்படிப்பட்டவர் மீனை மட்டும் இழுத்துப் பார்க்காமலே நம்பினார். காரணம் பயம். வலது கண்ணில் புரை விழுந்திருந்தது. சின்ன ஆபரேஷன்தான், காலையில் வந்தால் சாயங்காலம் வீடு திரும்பலாம் என்று டாக்டர் சொன்னார். பூட்டுக்காரரின் காதில் 'கத்தி' என்ற ஒரு சொல்தான் விழுந்தது. அதை டாக்டர் சொல்லவேயில்லை.

மீன் ஆசை முதலில் அவருடையதல்ல, அவர் மனைவியுடையது. அவள் பேருந்து நடத்துநர். 'பாஸ் வீட்டுல மறந்துட்டேங்க' என்பதை எல்லா ராகத்திலும் கேட்டுப் பழகிய காது. நாளெல்லாம் நெரிசலில் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தால், எதிரே கொஞ்சம் பச்சை தெரிய வேண்டும், அது தன்னிடம் மீதிச் சில்லறை கேட்கக் கூடாது. அவ்வளவுதான் ஆசை. நூலகத்தில் ஒரு புத்தகம் எடுத்துப் படித்து, சேர்த்த காசைப் பத்துப் பங்காகப் பிரித்தாள். தொட்டிக்கும் அதைத் தாங்கும் மேசைக்கும் மூன்று பங்கு. விளக்குக்கு இரண்டு, வடிகட்டிக்கு இரண்டு. மண்ணுக்கும் செடிக்கும் இரண்டு. மிச்சமிருக்கும் ஒன்றுதான் மீனுக்கு. அதுவும் செடி வேர்பிடித்த பிறகு.

"முதல்ல தண்ணியை வளர்க்கணுங்க. தண்ணி நல்லா வளர்ந்தா மீன் தானா வளரும்," என்று சொல்லிக் காசைக் கொடுத்து அனுப்பினாள்.

பூட்டுக்காரர் போனார். ஞானி அவர் கண்ணைப் பார்த்தார். பத்துப் பங்கும் தலைகீழாயிற்று. மாலையில் ஒரு மொட்டைத் தொட்டியும், குதிரை விலைக்கு வாங்கிய ஒரு தங்கமீனும் வீடு வந்து சேர்ந்தன.

"செடி எங்க?"

"செடி அதிர்ஷ்டத்தை உறிஞ்சிடுமாம்."

"விளக்கு?"

"மீனுக்கே உள்ள ஒளி இருக்காம்."

"வடிகட்டியாவது இருக்கா?"

"இருக்கு, இருக்கு. ஆனா வாராவாரம் வெந்நீர்ல கொதிக்க வைக்கணும்."

"எதுக்கு, ரசம் வெச்சுக் குடிக்கவா?"

வாரம் முடிவதற்குள் மீன் மல்லாந்தது. பூட்டுக்காரர் பனியனோடு தெருவுக்கு ஓடினார். "செத்துடுச்சு! செத்துடுச்சு!" துக்கம் விசாரிக்க ஓடிவந்த அக்கம்பக்கத்தார் விஷயம் தெரிந்து கைகுலுக்கிவிட்டுப் போனார்கள்.

"கண்ணு தெளிவாயிடுச்சு பாரு. காலண்டர்ல தேதி பளிச்சுனு தெரியுது."

"அது போன மாசத்துக் காலண்டர்ங்க."

அதன் பிறகு மீன்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தன. புரை மட்டும் போகவில்லை. பூட்டுக்காரர் வெட்டிய சாவிகள் வேடிக்கை காட்டத் தொடங்கின. ஒரு சாவி எந்தப் பூட்டையும் திறக்கவில்லை. இன்னொன்று சொந்த வீட்டை விட்டுவிட்டு எதிர்வீட்டைத் திறந்தது. மூன்றாவது சாவியை வாங்கிப்போனவர், அது வீட்டைத் திறக்கவில்லை, ஆனால் காது குடைய வசதியாக இருக்கிறது என்று இன்னொன்று கேட்டு வந்தார். தொழில் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது.

மனைவி ஒரு சோதனை செய்தாள். தன் ஒன்றுவிட்ட தம்பிக்கு என்று சொல்லி ஞானியிடம் ஒரு மீன் வாங்கினாள். வயது பதினெட்டு, வயிறு சரியில்லை, புகை அதிகம், ஏற்றத்தில் மூச்சு வாங்கும். மீன் வழக்கம்போல் செத்தது. ஞானி ஸ்டெதாஸ்கோப்பைக் காலித் தொட்டியில் வைத்துக் கேட்டு, "கண்டம் விலகிடுச்சும்மா. இனி தம்பிக்கு நீண்ட ஆயுசு," என்றார்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னாள்: "அது தம்பி இல்லீங்க. எங்க டிப்போ பஸ். போன வாரமே உடைச்சுப் பழைய இரும்புக்குப் போட்டாச்சு."

பூட்டுக்காரர் ஆழ்ந்து யோசித்தார். "ஏன், இரும்புக்கு ஆயுசு இல்லையா?" என்றார்.

அவள் தலையில் அடித்துக்கொள்ளக் கையை ஓங்கி, அந்தத் தலை தன்னுடையது என்று நினைவு வந்து நிறுத்திக்கொண்டாள்.

இந்தச் சமயத்தில்தான் ஞானி தன் பின்னறைச் சாவியைத் தொலைத்துவிட்டு, பூட்டுக்காரரை அழைத்தார். திறந்துவிட்டு வந்தவர் வீட்டில் வாய் ஓயாமல் பேசினார்.

"உள்ள ஒரு தொட்டி இருக்கு பாரு, தொட்டியா அது? கண்ணாடிக்குள்ள ஒரு காடு! செடி, கொடி, பாசி படிஞ்ச கட்டை. நடுவுல வெள்ளையா ஒரு ஏஞ்சல் மீன். பேரு ராணியாம். ஞானி அதைப் பார்த்துக் கொஞ்சுறாரு, 'என் கண்ணு, சாப்பிட்டியா'ன்னு."

"எத்தனை வருஷமா இருக்காம்?"

"ஒன்பது வருஷமாம்."

மனைவி காலித் தொட்டியை ஒரு முறை பார்த்தாள். "அவருக்கு ஒன்பது வருஷமா ஒரு கண்டமும் வரலை போல," என்றாள்.

"ஞானிக்கு எப்படி வரும்?" என்றார் கணவர்.

அந்த வாரமே ஞானி தீர்ப்புச் சொல்லிவிட்டார். இந்தப் புரை சில்லறைப் புரை அல்ல. இதற்குப் பெரிய மீன் வேண்டும். அவர் சொன்ன விலை, ஆபரேஷனுக்கென்று எடுத்துவைத்திருந்த பணத்தோடு அச்சாகப் பொருந்தியது. பூட்டுக்காரர்தான் அந்தத் தொகையை வாய்விட்டு உளறியிருந்தார் என்பதை இங்கே சொல்லிவிடுவது நல்லது. 'இனியும் தள்ளிப்போட்டால் கஷ்டம்' என்று டாக்டர் எச்சரித்திருந்தார். பணம் ஒன்று, அது கண்ணுக்குப் போகலாம், அல்லது மீனுக்குப் போகலாம்.

"மீனுக்கே கொடுத்துடலாங்க," என்றாள் மனைவி.

பூட்டுக்காரர் காதை ஒரு முறை குடைந்துகொண்டார். கல்யாணமான நாளிலிருந்து அவள் தன் பேச்சைக் கேட்டது அதுதான் முதல் முறை.

ஞாயிற்றுக்கிழமை மொட்டைத் தொட்டியை விதிப்படி வெந்நீரில் தேய்த்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஞானியின் கடை மேசைமேல் வைத்து, வாசல் குழாயிலிருந்து நிரப்பினார்கள். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. அவள் பணப்பையை எடுத்து ஞானியின் முன்னால் வைத்தாள்.

"முழுப் பணமும் இருக்குங்கய்யா. எனக்கு நம்பிக்கை வந்துடுச்சு."

ஞானியின் கை பைமேல் வந்து உட்கார்ந்தது. "வரும்மா, வரும். எல்லாருக்கும் ஒரு நாள் வரும்."

"ஆனா மீன் மட்டும் நான் கேக்கறதைக் குடுக்கணும். உள்ளே இருக்கிற ராணியைக் குடுங்க."

பையிலிருந்து கை மெதுவாகத் திரும்பிப் போனது. "அது... அது தியானத்துல இருக்கும்மா."

"எழுப்பிக்கலாம்."

"விக்கிறதுக்கு இல்ல."

இங்கேதான் அவருடைய பக்தர்களே அவருக்கு எமனாக வந்தார்கள். கணக்கு வாத்தியார் எழுந்து நின்றார். "ஐயா, ஒன்பது வருஷமா உங்க கூடவே இருந்த மீன். தினம் எவ்வளவு சக்தி ஏறியிருக்கும்? பெருக்கிப் பாருங்க! ஒரு மனுஷனோட கண்ணுய்யா, மனசு வைங்க!"

"குடுங்கய்யா, குடுங்க!" என்று கூட்டம் கத்தியது.

"சாவி தொலைஞ்சு போச்சு," என்றார் ஞானி, வியர்வையைத் துடைத்துக்கொண்டு.

"அதான் பூட்டுக்காரர் இருக்காரே!" என்றார் பேக்கரிக்காரர்.

பூட்டுக்காரர் ஒரு கம்பியை நுழைத்தார். கண் தெரியாவிட்டாலும் கை மறக்கவில்லை. பூட்டு வாயைப் பிளந்தது. பத்துப் பேர் உள்ளே பாய்ந்தார்கள். வாத்தியார் வலையோடு வெளியே வந்தார். வலைக்குள் வெள்ளையாக ராணி துள்ளியது. பூட்டுக்காரர் கைகூப்பி, கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார்.

தண்ணீர்ச் சத்தம் கேட்கவில்லை. ஓர் அலறல்தான் கேட்டது.

"யோவ்! போடாதே! செத்துடும்யா!"

கண்ணைத் திறந்தார். ஞானி மொட்டைத் தொட்டியின் வாயை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு அதன்மேல் கவிழ்ந்து கிடந்தார். ஸ்டெதாஸ்கோப் தண்ணீருக்குள் மிதந்தது.

"சாகறதுக்குத்தானேய்யா மீனு?" என்றார் பேக்கரிக்காரர், உண்மையிலேயே புரியாமல்.

"பச்சைத் தண்ணிய்யா இது! குழாய்த் தண்ணியில மருந்து கலந்திருக்கு! பஞ்சைக் கொதிக்க வெச்சா அதுல இருக்கிற நல்ல கிருமியெல்லாம் செத்துப்போகும். அப்புறம் மீன் போடற கழிவே மீனுக்கு விஷம். இதுல திமிங்கிலத்தைப் போட்டாலும் சாகும்! கண்டமும் கிடையாது, மண்ணாங்கட்டியும் கிடையாது! ராணியைத் திரும்ப விடுய்யா, உன் காலைப் பிடிக்கிறேன்!"

வாத்தியார் வலையோடு உள்ளே ஓடினார். பின்னறையில் 'ளொளக்' என்று ஒரு சத்தம். ஞானி அப்போதுதான் மூச்சு விட்டார். மூச்சு விட்ட பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது.

பூட்டுக்காரர் அவரை நெருங்கினார். "அப்போ... என் கண்ணு?"

ஞானி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "ஆஸ்பத்திரிக்குப் போய்யா," என்றார். அந்தக் கடையில் அவர் காசு வாங்காமல் சொன்ன முதல் வாக்கு அதுதான். பலித்ததும் அது ஒன்றுதான்.

திரும்பி வந்த வாத்தியார் நெஞ்சைத் தடவிக்கொண்டார். "அப்போ எனக்கு இத்தனை நாளா மாரடைப்பு வராம இருந்ததுக்கு..."

"வரலைங்க சார். அவ்வளவுதான்," என்றாள் நடத்துநர், பணப்பையை எடுத்துக்கொண்டே.

மறுவாரம் ஆபரேஷன் நடந்தது. பூட்டுக்காரர் 'கத்தி எங்கே, கத்தி எங்கே' என்று கேட்டுக்கொண்டிருந்தபோதே முடிந்துவிட்டதாம். அந்த மொட்டைத் தொட்டியில் இப்போது மண்ணும் செடியும் இருக்கின்றன. முதல் ஒரு மாதம் அதில் மீனே இல்லை. வந்தவர்களெல்லாம், "மீன் எங்கே?" என்று கேட்க, "தண்ணி வளருது," என்று பூட்டுக்காரர் பெருமையாகச் சொன்னார். பிறகு விரல்நுனி அளவில் ஆறு மீன்கள் வந்தன. ஒன்றுகூடச் சாகவில்லை. யாருடைய கண்டத்தையும் அவை கண்டுகொள்வதில்லை.

ஞானியும் கடையை மூடவில்லை. இப்போது உண்மையைச் சொல்லி மீன் விற்கிறார். அதனால் ஞாயிற்றுக்கிழமை அந்தத் தெருவில் கையை வீசி நடக்கலாம். வரிசை மட்டும் கலையவில்லை. அப்படியே இரண்டு தெரு தள்ளிப் போய் நிற்கிறது. அங்கே ஒருவர் குடைகளோடு பேசுகிறாராம். குடை தொலைந்தால் கண்டமும் கூடவே தொலையுமாம். முதல் ஆளாகக் கணக்கு வாத்தியார் நிற்கிறார்.

"ஓய் பூட்டுக்காரரே, நீங்களும் வந்து நில்லுங்க," என்று கூப்பிட்டார் அவர்.

பூட்டுக்காரர் இரண்டு கண்ணாலும் அவரைத் தெளிவாகப் பார்த்தார். "நான் எவ்வளவோ பூட்டைத் திறந்திருக்கேன் சார். கழுத்துக்கு மேல இருக்கிற அந்த ஒண்ணைத்தான் வெளியிலேருந்து என்னால திறக்க முடியல. அதுக்குத் தாழ்ப்பாள் உள்பக்கம். நீங்களா எழுந்து திறந்தாத்தான் உண்டு."