கேண்டிடேட் அண்ணன் கேட்ட கையெழுத்து

சிங்கப்பூரில் தேர்தல் முடிந்த பிறகும் ஆதரவு கேட்டுக்கொண்டே இருந்த ஒரே மனிதர் எங்கள் கேண்டிடேட் அண்ணன்தான். முதலில் தனக்காகக் கேட்டார், தோற்றார். பிறகு மரங்களுக்காகக் கேட்டார், அதிலும் தோற்றார். தோற்பதற்கு அவர் உழைத்த உழைப்பை வேறு யாரும் ஜெயிப்பதற்குக்கூட உழைத்து நான் பார்த்ததில்லை.

புக்கிட் பாஞ்சாங்கில் எங்கள் வீட்டுக்கு மூன்று மாடி மேலே குடியிருந்தார். மூன்று தேர்தல்களில் நின்றார். அவருடைய கட்சிக்காரர்கள் அத்தனை பேரும் ஒரே டாக்சியில் போய்விடலாம், கொடியை மடியில் வைத்துக்கொள்ளவும் இடமிருக்கும். அவருடைய சொந்தப் பெயர் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் பாதிப் பேருக்குத் தெரியாது. காப்பிக்கடை சீன அங்கிள்கூட "ஹலோ, கேண்டிடேட்!" என்றுதான் கூப்பிடுவார். மூன்று முறையும் அவர் கொடுத்த வாக்குறுதி ஒன்றுதான்: கல்யாணமான பிள்ளைகளுக்குச் சீக்கிரமாக வீடு. மூன்று முறையும் மக்கள் பொறுமையாகக் கேட்டு, தலையாட்டி, அடுத்தவருக்குப் போட்டார்கள்.

மூன்றாவது தோல்விக்குப் பிறகு, கம்பங்களிலும் மரங்களிலும் தொங்கிய தன் தேர்தல் படங்களைத் தானே அவிழ்க்கப் போனார். எங்கள் புளோக்குக்கு எதிரே ஒரு சின்னக் காடு. யாரோ எப்போதோ ரப்பர்த் தோட்டம் போட்டுக் கைவிட, தானாக வளர்ந்து நின்றது. அதன் ஓரத்து மரத்தில் ஏணி போட்டு ஏறியவர் அரை மணி நேரமாக இறங்கவில்லை. படத்தைக் கட்டியிருந்த கயிற்றில் ஒரு தேன்சிட்டு கூடு கட்டி, முட்டையும் இட்டிருந்தது.

"எறங்குங்கண்ணே, விழுந்து வைக்கப் போறீங்க!" என்று கீழிருந்து கத்தினேன்.

"சத்தம் போடாதீங்க தம்பி. இந்தத் தேர்தல்ல எனக்குக் கெடச்ச ஒரே ஆதரவு இதுதான்."

படத்தை எடுக்கச் சொல்லித் தேர்தல் துறையிலிருந்து மரியாதையாக ஒரு கடிதம் வந்தது. "குடியிருப்பவர் காலி செய்தவுடன் அகற்றுகிறேன்" என்று அவரும் மரியாதையாகப் பதில் எழுதினார். குஞ்சுகள் பறந்து போன அன்றுதான் படம் இறங்கியது. அதற்குள் அவர் கட்சியை விட்டு, முழுசாகக் காட்டுப் பக்கம் சேர்ந்துவிட்டார்.

அதன் பிறகு அவரோடு தேக்கா சந்தைக்குப் போவது பெரிய சோதனையாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் தோளில் துணிப்பையும் கையில் தூக்குச்சட்டியுமாக நடப்பார். பூக்கடை அக்கா தூரத்திலேயே பார்த்துவிட்டு, "ஐயோ, கேண்டிடேட் வர்றாரு, பிளாஸ்டிக் பைய உள்ள வை லா!" என்று தங்கையை விரட்டுவார். இவர் பூ வாங்க மாட்டார். ஆனால் பூ வாங்க வருகிறவர்களுக்கெல்லாம் கடைவாசலில் நின்று கால் மணி நேரம் பிளாஸ்டிக் பையைத் தின்ற ஆமையின் வயிற்றைப் பற்றிச் சொல்வார். பெண் பார்க்கப் போகிற குடும்பம் ஒன்று அதைக் கேட்டுவிட்டு, மல்லிகைப்பூவைக் கையில் ஏந்திக்கொண்டே ரயிலேறியதை நானே பார்த்தேன்.

இப்படிச் சிரித்துக்கொண்டே காலம் போயிருக்கலாம். ஆனால் எதிர்க் காட்டை அழித்துப் புது வீடுகள் கட்டப் போவதாக அறிவிப்பு வந்தது.

அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை. தேர்தலுக்கு வீடு வீடாகப் போன அதே பாணியில் கையெழுத்து வாங்கக் கிளம்பினார். லிப்டில் உச்சி மாடிக்குப் போய், ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டே படியில் இறங்கி வருவது அவர் வழக்கம். துணைக்கு என்னை இழுத்துக்கொண்டார். எனக்கு முழங்கால் வலி என்றேன். "எறங்கறதுதானே தம்பி, ஏறச் சொல்லலியே" என்றார்.

ஆச்சரியம், எல்லாரும் போட்டார்கள்! மூன்று தேர்தல்களில் கதவைக்கூடச் சரியாகத் திறக்காதவர்கள், பேனாவைப் பிடுங்கிப் போட்டார்கள்.

"கண்டிப்பா போடறேன் அங்கிள். எதுத்தாப்புல புளோக் வந்தா எங்க வியூ போயிரும்" என்றார் பதினான்காம் மாடிப் பெண்.

"குரங்கெல்லாம் அங்கயே இருக்கட்டும் லா. காட்ட அழிச்சா நேரா நம்ம கிச்சனுக்குத்தான் வரும்" என்றார் பதினொன்றாம் மாடிக்காரர்.

எட்டாம் மாடியில் கட்டட வேலைச் சத்தத்தில் குழந்தை தூங்காது என்றார்கள். ஆறாம் மாடியில் கார் நிறுத்த இடம் கிடைக்காது என்றார்கள். ஒவ்வொரு மாடி இறங்க இறங்கத் தாளில் கையெழுத்து ஏறியது, அவர் முகம் மட்டும் தொங்கிக்கொண்டே வந்தது. கீழ்த்தளத்துக் கல்மேசையில் வந்து உட்கார்ந்தார்.

"ஒருத்தர்கூட மரத்துக்காகப் போடல தம்பி."

"எதுக்குப் போட்டா என்னண்ணே, போட்டுட்டாங்கல்ல?"

"அப்படித்தான் நானும் மனசத் தேத்திக்கணும்" என்றவர், பேனாவை என்னிடம் நீட்டினார். "நீங்களாவது மரத்துக்காகப் போடுங்க."

அந்தக் கணத்தைத் தள்ளிப் போடத்தான் பதினைந்து மாடியும் அவர் பின்னாலேயே இறங்கி வந்திருந்தேன்.

"என் மக அங்கதான் வீட்டுக்கு பேலட் போட்டிருக்காண்ணே. குலுக்கல்ல நம்பர் நல்லா வந்திருக்கு."

பேனா நீட்டியபடியே இருந்தது.

"கல்யாணமாகி எத்தன வருஷம்?"

"மூணு."

"இப்ப எங்க இருக்காங்க?"

"எங்ககூடத்தான். ராத்திரி ஹால்ல பாய் போட்டுப் படுத்துக்கறோம், நானும் சம்சாரமும். ரூம அவங்களுக்குக் குடுத்துட்டோம்."

அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். "அப்ப நீங்க போடாதீங்க. போடக் கூடாது." காட்டுப் பக்கம் திரும்பினார். "சீக்கிரமா வீடு குடுங்கன்னு நான்தானே கேட்டேன் தம்பி? மூணு தடவ கேட்டேன். என் வாழ்க்கையில ஒரே ஒரு வாக்குறுதி நெறவேறுது. அதுவும் இந்தக் காட்டு மேல."

சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

மனு போனது. கவனத்தில் கொண்டதாகப் பதில் வந்தது. தகர வேலி வந்தது. இங்கே தேர்தலில் தோற்றவர்களும் மறுநாள் லாரியில் ஏறித் தொகுதியைச் சுற்றி வந்து நன்றி சொல்வதுண்டு. அண்ணன் மூன்று முறையும் போனவர். மண்வாரி இயந்திரங்கள் வந்து நின்ற அன்று காலை, அதே பழைய கையொலிபெருக்கியோடு வேலியோரம் நடந்தே போனார். லாரி பிடிக்க இப்போது கட்சி இல்லை.

"நன்றி. ரொம்ப நன்றி. என்னால முடிஞ்சது இவ்வளவுதான். மன்னிச்சிருங்க."

உடற்பயிற்சி செய்துகொண்டிருந்த சீன ஆன்ட்டி ஒருவர் தனக்குத்தான் சொல்கிறார் என்று நினைத்துப் பதிலுக்குக் கையசைத்தார். மேலே, வீட்டு வாசலில் நின்று பார்த்த எனக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். மத்தியானத்துக்குள் பாதிக் காடு சாய்ந்துவிட்டது. வேலை செய்தவர்கள் அவ்வளவு கெட்டிக்காரர்கள்.

மகளுக்கு அங்கேயே பன்னிரண்டாம் மாடியில் வீடு கிடைத்தது. வெளிச்சமான, நல்ல வீடு. பொய் சொல்ல மாட்டேன், சாவி வாங்கிய அன்று நான் அழுதேன், சந்தோஷத்தில். பால் காய்ச்சுவதற்கு அண்ணனைக் கூப்பிட மனம் கூசியது. மகளே போய்க் கூப்பிட்டுவிட்டாள். அதற்குள் அவர் ஈசூனில் மகன் வீட்டுக்குக் குடிபோயிருந்தார். இரண்டு ரயில் மாறி, வேட்டி சட்டையில் வந்தார்.

"வீடு எப்படி அங்கிள் இருக்கு?" என்று மகள் கேட்டாள்.

ஒவ்வோர் அறையாகப் போய்ப் பார்த்தார். சமையலறைக் குழாயைத் திறந்து மூடினார். "நல்லா இருக்குமா. நல்லா இருங்க" என்று மருமகன் தோளைத் தட்டினார். சன்னல் பக்கம் மட்டும் போகவே இல்லை.

லிப்ட் வரை கூட வந்தேன். எத்தனையோ வருடமாகக் கேட்க நினைத்ததைக் கேட்டுவிட்டேன். "என்மேல கோவமில்லையேண்ணே?"

"பிள்ளைக்கு ரூம் கெடச்சிருச்சு. இனிமே நீங்க ரெண்டு பேரும் கட்டில்ல படுங்க" என்றார். லிப்ட் கதவு மூடிக்கொண்டது.

அவரை நான் ஊரார் முன்னால் எவ்வளவோ கேலி செய்திருக்கிறேன். அந்த மனிதரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பதை மட்டும் அவரிடம் இதுவரை சொன்னதில்லை.